"வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாத நோய்: கரையோரப் பெரியவர்களின் மனச்சோர்வு

கேள்வி சுருக்கமாக இது. ஊர் பாம்பன் பக்கம். அப்பாவுக்கு வயது 71. சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவர், 4 வருடமாகக் கரையில் இருக்கிறார். அம்மா தவறி 8 மாதம் ஆகிறது. கேள்வி எழுதிய மகன் சவூதியில் வேலை பார்க்கிறார், அவர் தங்கை பக்கத்துத் தெருவில் இருந்து பார்த்துக்கொள்கிறார். அப்பா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். நெஞ்சு எரிகிறது, கால் ஓய்கிறது என்கிறார். விடியற்காலை 3 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். இசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். இது வயசா, துக்கமா, நோயா? யாருக்கெல்லாம் வரும்?

நேரில் பார்க்காமல் யாரும் இதுதான் என்று முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவானது, இந்த வாரமே காட்ட வேண்டிய அளவுக்கு வலுவானது. வயது ஏறுவதால் மட்டும் மனச்சோர்வு வருவதில்லை. 80 தாண்டியும் காலையில் ஏலக்கூடத்துக்குப் போய், இன்றைக்கு நண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். 2017-18-ல் இந்தியா முழுக்க எடுத்த முதியோர் ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்க்கான அடையாளங்கள் இருந்தன. தங்களுக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றவர்கள் 0.8 சதவீதம்தான். பத்தில் ஒருவருக்குத்தான் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. மீதி ஒன்பது பேரும் "வயசாயிருச்சு", "கேஸ் ட்ரபிள்", "ஏக்கம்" என்ற பெயர்களுக்குள் இருக்கிறார்கள்.

பெயர் தப்பிப் போவதற்குக் காரணம், பெரியவர்கள் "எனக்குக் கவலையா இருக்கு" என்று வந்து சொல்வதில்லை. "மேலுக்கு முடியல", "கை காலெல்லாம் அத்துப் போன மாதிரி இருக்கு", "நெஞ்சுக்குள்ள பிசையுது", "வாய் கசக்குது, சோறு இறங்கல" என்றுதான் சொல்வார்கள். கடலுக்குப் போன ஆம்பளை அழுதால் அசிங்கம் என்று வளர்ந்தவரிடம் உடம்பு மட்டும்தான் பேசும். டாக்டர் வயிற்றுக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒரு டானிக், வலிக்கு ஒரு ஊசி கொடுப்பார். இரண்டு நாள் தேவலை போல இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். பரிசோதனை எல்லாம் நார்மலாக இருந்தும் வலியும் அசதியும் மாதக்கணக்கில் நீடித்தால், அந்த இடத்தில் மனதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு கேள்வி போதும். கடந்த 2 வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு பாரமாக, வெறுமையாக இருந்ததா? முன்பு பிடித்த காரியங்களில் விருப்பம் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது கேள்வியை அப்படியே கேட்காதீர்கள். அவருக்குப் பிடித்ததன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டீக்கடைக்குப் போகிறாரா, பேப்பர் பார்க்கிறாரா, பேரப்பிள்ளை வந்தால் முகம் மாறுகிறதா, மீன் குழம்பில் உப்பு குறைந்தால் இப்போதும் குறை சொல்கிறாரா என்று கேளுங்கள். குறை சொல்வதையே நிறுத்திவிட்ட பெரியவரைப் பார்த்து "சாதுவாயிட்டாரு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அது பல நேரம் நல்ல அறிகுறி இல்லை.

விடியற்காலை 3 மணி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீக்கிரம் விழித்துக்கொள்வது மனச்சோர்வின் அடையாளம் என்று எல்லாரும் சொல்வார்கள். 50 வருடம் அந்த நேரத்தில் வல்லம் தள்ளியவருக்கு 3 மணிக்கு விழிப்பு வருவது உடம்பின் பழக்கம். எழுந்த பிறகு என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கவலை இல்லை. ஒரே இடத்தை வெறித்துக்கொண்டு, "எதுக்குடா விடியுது" என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்து, பொழுது ஏற ஏறக் கொஞ்சம் லேசாகி, சாயங்காலம் ஓரளவு பேசுகிறார் என்றால் அது நோயின் போக்கு. காலையில் கனத்து மாலையில் இளகுவது மனச்சோர்வில் அடிக்கடி பார்ப்பது.

துக்கத்தையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? துக்கம் அலை மாதிரி வரும், போகும். அம்மாவின் சேலையைப் பார்த்தால் அழுகை வரும். அவர் சொன்ன ஒரு பேச்சு ஞாபகம் வந்தால் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் இப்படி அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருவது குறைவு, சாயங்காலம் கொஞ்சம் இளகினாலும் பாரம் முழுதாக விலகாது. துக்கத்தில் இருப்பவர் "அவ போயிட்டாளே" என்பார். மனச்சோர்வில் இருப்பவர் "நான் எதுக்கு இருக்கேன், உங்களுக்கெல்லாம் பாரம்" என்பார். குறை தன்மேல் திரும்புகிற அந்த இடம்தான் எல்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் "துக்கம்தானே, வருசம் திரும்பினா சரியாயிரும்" என்று காத்திருப்பது ஆபத்து.

இனி, யாருக்கு வரும் என்பது. மருத்துவப் புத்தகங்களில் இதற்கு நீளமான பட்டியல் உண்டு: பெண்ணாக இருப்பது, துணையை இழப்பது, தனியாக வாழ்வது, முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்திருப்பது, பக்கவாதம், மாரடைப்பு, சர்க்கரை, நடுக்குவாதம், தீராத வலி, தூக்கமின்மை, பண நெருக்கடி, வீட்டில் அவமதிப்பு, குடி. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இதில் எதுவும் தனியாக ஆளைச் சாய்ப்பது குறைவு. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் சாய்க்கிறது. நம் கரையில் அது எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் உங்கள் அப்பா விஷயம் விளங்கும்.

முதலில் தொழில் போவது. அரசு வேலைக்காரருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு, பென்சன் உண்டு. கடல் தொழிலாளிக்கு அது கிடையாது. ஒரு நாள் தோள் தூக்க முடியாது, கண் மங்கும், மகனோ முதலாளியோ "நீங்க கரையில இருங்க" என்பார்கள். அதோடு பிடித்த மீனில் வரும் பங்கு நின்றுபோகும். பங்கு நின்றால் கையில் காசு நிற்கும். காசு நின்றால் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கவும் மருமகளிடம் கேட்க வேண்டும். அந்தக் கேட்பதில்தான் ஆள் உடைகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் கை சுருங்கும், சச்சரவு கூடும், அது பெரியவர் மேல் இறங்கும். பிள்ளைகள் கடலில் இருக்கும்போது இலங்கைக் கடற்படை பிடித்தது என்று செய்தி வந்தால், வீட்டில் இருக்கும் தகப்பனுக்கு அந்த வாரம் சோறு இறங்காது. ஓயாத பயமும் மனச்சோர்வுக்குள் கொண்டு விடும் வழிதான்.

அடுத்து கண்ணும் காதும். இதை யாரும் மனதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. டீசல் எஞ்சின் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவருக்குக் காது மந்தமாவது சாதாரணம். உப்புக் காற்றும் வெயில் பளபளப்பும் பட்ட கண்ணில் சதை வளரும், புரையும் விழும். காது கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார், தப்பாகப் பதில் சொல்லி நாலு பேர் சிரித்தால் அடுத்த நாள் டீக்கடைக்குப் போக மாட்டார். மூன்று மாதத்தில் வீட்டுக்குள் அடங்கிவிடுவார். பார்ப்பவர்களுக்கு "பேசப் பிடிக்கல போல" என்று தோன்றும். புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். காதுக்கு முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும்.

பெண்கள் விஷயம் வேறு மாதிரி. பாசி எடுக்கப் போன அம்மாக்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். அறுபதில் முட்டியும் தோளும் ஓயும். தண்ணீருக்குப் போவது நின்றால், கூடப் போன பெண்களோடு பேசிச் சிரிப்பதும் சேர்ந்தே நின்றுவிடும். கடலில் கணவர் காணாமல் போய் உடல் கரை சேராத வீடுகளில் நிலைமை இன்னும் கொடுமை. கருமாதி செய்வதா வேண்டாமா, பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமலேயே ஆண்டுகள் போகும். சட்டப்படி இறந்ததாகக் கொள்ள 7 ஆண்டு ஆகும் என்பது வேறு. முடிவு தெரியாத இழப்பு முடிந்த இழப்பைவிட ஆழமாக அரிக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறொரு காட்சி: வெளிநாட்டிலிருந்து பணம் மாதாமாதம் வருகிறது, பெரிய வீடு, உள்ளே ஓர் உம்மாவும் ஒரு வேலைக்காரப் பெண்ணும். பணம் இருப்பதால் அங்கே மனச்சோர்வு வராது என்று நினைத்தால் தவறு. தனிமை தனியான ஒரு காரணம்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் தப்பிய பிள்ளைகளுக்கு இப்போது அறுபது, எழுபதுக்கு மேல். வேலையில் ஓடிக்கொண்டிருந்தவரை உள்ளே அடங்கிக் கிடந்த பயம், வேலை நின்று துணையும் போன பிறகு மேலே வருவதுண்டு. மார்கழியில் காற்று வலுத்தால் பெரியவர் தூங்க மறுக்கிறார் என்றால் அவரிடம் அந்த ராத்திரியைப் பற்றிப் பொறுமையாகக் கேளுங்கள். அதட்டாதீர்கள்.

இவ்வளவும் சொன்னது, இதில் எதை மாற்றலாம் என்று பிரித்துப் பார்ப்பதற்கு. அம்மா திரும்ப வரப்போவதில்லை, கடலுக்குத் திரும்பவும் முடியாது. கண், காது, வலி, தூக்கம், கையில் காசு, செய்வதற்கு ஒரு வேலை, ரத்தத்தில் உள்ள குறைகள் ஆகிய எல்லாம் மாற்றக்கூடியவை. கோவாவில் 60 வயது தாண்டி, லேசான அறிகுறிகள் மட்டும் இருந்த 181 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கவும், தூக்கத்தைச் சீராக்கவும், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனிக்கவும், அரசு உதவிகளை வாங்கவும் துணை நின்றார்கள். ஓராண்டில் முழு மனச்சோர்வாக முற்றியது அவர்களில் 4 சதவீதம் சொச்சம் பேருக்கு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 14 சதவீதம் சொச்சம் பேருக்கு. உங்கள் தங்கை செய்யக்கூடிய வேலைதான் அது.

மருத்துவரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இது முக்கியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவருக்கு பி12 சத்து குறையலாம். நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வருடக்கணக்கில் போட்டாலும் அதே குறை வரலாம். பி12 குறைந்தால் அசதி, கால் எரிச்சல், மறதி, மனச்சோர்வு எல்லாம் வரும். ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின் இவ்வளவும் பார்த்துவிட்டால் உடம்புக் காரணங்களில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை, நாட்டு மருந்து என்ற பெயரில் கொடுக்கும் பொடிகள், தூக்க மாத்திரை இவற்றையும் மறைக்காமல் காட்ட வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அளவோடு சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம், அதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மறதிநோயோ என்றும் ஒரு கேள்வி வரும். மனச்சோர்வில் இருப்பவரிடம் "இன்னைக்கு என்ன கிழமை" என்றால் "தெரியல, விடு" என்பார், யோசிக்கவே மனம் வராது. மறதிநோயில் இருப்பவர் ஏதோ ஒரு கிழமையைச் சொல்லிச் சமாளிப்பார். இது முதல் கணிப்புக்கு மட்டும்தான், முடிவு மருத்துவருடையது. ஒரே நாளில், இரண்டே நாளில் ஆள் தலைகீழாக மாறி உளறினால் அது மனச்சோர்வு இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம் ஏதாவது இருக்கும், அன்றே ஆஸ்பத்திரி.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும், உங்கள் பக்கம் எந்த நாள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். போக மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளரிடமும் சொல்லி வையுங்கள். மாதா மாதம் ஆளை நேரில் பார்க்கிறவர் அவர். "பைத்தியத்துக்கா கூட்டிட்டுப் போற" என்று அப்பா கேட்பார். "தூக்கத்துக்கும் பசிக்கும் காட்டப் போறோம்ப்பா" என்று சொன்னால் அது பொய்யில்லை.

சிலர் செய்வினை, காத்துக் கருப்பு என்று ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவார்கள். தொழுகையும் வேண்டுதலும் மனதுக்குத் தெம்பு தருமானால் தாராளமாகப் போகட்டும், மருந்தை நிறுத்தாமல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டுவது குற்றம்.

மருந்து எழுதினால் பயப்படாதீர்கள். பெரியவர்களுக்குச் சின்ன அளவில்தான் தொடங்குவார்கள். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம் என்று ஆரம்பித்து, இந்த வயதில் பொதுவாக 10-ஐத் தாண்டுவதில்லை. செர்ட்ரலின் என்றால் 25-ல் தொடங்குவார்கள். பசியும் தூக்கமும் ரொம்பக் கெட்டிருந்தால் மிர்டாசபின் இரவில் கொடுப்பதுண்டு. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 8 வாரம், வயதானவர்களுக்குச் சில நேரம் 12 வாரம். பெரும்பாலான சிகிச்சை கெடுவது இங்கேதான்: பத்து நாள் போட்டுவிட்டு "கேக்கல" என்று நிறுத்துவார்கள், அல்லது இரண்டு மாதத்தில் முகம் தெளிந்ததும் "சரியாயிருச்சு" என்று நிறுத்துவார்கள். சரியான பிறகும் 6 முதல் 12 மாதம் தொடர வேண்டும். முதல் மாதத்தில் சோடியம் இறங்கலாம். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை போடுபவருக்கு அந்த வாய்ப்பு கூடும். தலைவலி, தள்ளாட்டம், புதிதாகக் குழப்பம் வந்தால் உடனே ரத்தம் பாருங்கள். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சேர்ந்து போனால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வாங்கிக் கொடுக்கவே கூடாது. ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பு முறிந்தால் அதன்பிறகு எல்லாமே கஷ்டம்.

வீட்டில் செய்வது என்றால் "தைரியமா இருங்கப்பா" என்பதை முதலில் விடுங்கள். அவரால் முடியாததைத்தான் அது கேட்கிறது. முடிகிற அளவுக்குச் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள். பழைய வலை ஒன்றையும் வலை ஊசியையும் நூலையும் திண்ணையில் கொண்டுபோய் வைத்து, கிழிந்த இடத்தில் நாலு கண்ணி மட்டும் போட்டுத் தரச் சொல்லட்டும் உங்கள் தங்கை மகன். முதல் நாள் தொட மாட்டார். மூன்றாம் நாள் ஒரு கண்ணி போடுவார். மனம் வந்த பிறகு வேலை என்று காத்திருந்தால் அது வராது. கை அசைந்தால் மனம் பின்னால் வரும், அதுதான் இந்த நோயில் வரிசை. முடித்துத் தந்ததற்குக் கூலி கொடுங்கள், கேலியாக நினைக்காமல் கையில் கொடுங்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறதென்றால் அந்தப் பாஸ்புக் அவரிடமே இருக்கட்டும்.

பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். காலை வெயிலில் கரை வரை 20 நிமிடம் யாராவது கூட நடக்கட்டும். ஒரே வேளையில் ஒரு தட்டுச் சோறு இறங்காது, கஞ்சி, முட்டை, முள் எடுத்த மீன் என்று 5 தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். மாதத்தில் 60 கிலோ 57 ஆனால் அவசரம். தண்ணீரும் குடிக்க மறுத்தால் அட்மிட் செய்ய வேண்டியதுதான். அந்த நிலையில் மின்சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் சினிமாவில் காட்டுவதை நினைத்து மறுத்துவிடாதீர்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், வயதானவர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பல பேருக்குச் சொல்ல ஒரு வாசல்தான் திறக்கும். கடனை அவசரமாக அடைப்பது, சாமான்களைப் பங்கு பிரித்துக் கொடுப்பது, "உங்க அம்மாகிட்ட போயிர்றேன்" என்பது, பிரஷர் மாத்திரையைத் துப்புவது இவையெல்லாம் அபாயக் குறிகள். அப்படி இருந்தால் தனியே விடாதீர்கள், பூச்சி மருந்தை வீட்டை விட்டே அகற்றுங்கள், மாத்திரைகளைத் தங்கை தன்னிடம் வைத்து வேளைக்கு வேளை கொடுக்கட்டும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 மாதிரியே 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம்.

நீங்கள் சவூதியிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதைவிடத் தினம் ஒரே நேரத்தில் 5 நிமிடம் பேசுங்கள். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு வைத்துவிடாமல், "இன்னைக்குக் கச்சான் காத்தா, வாடைக் காத்தாப்பா? படகு போச்சா?" என்று கேளுங்கள். அது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம், பதில் சொல்ல அவர் திண்ணையை விட்டு எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் 4 மாதத்தில் அம்மாவின் முதலாண்டு வரும். அந்த மாதத்தில் சோர்வு மறுபடி கூடலாம். முடிந்தால் லீவை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் அவர் தெளிந்திருந்தாலும் மருந்தைக் குறைப்பதை அந்த மாதம் தாண்டித் தள்ளிப்போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.